கண்ணாடிப் புட்டியில் எடுத்த கடல்நீர்

சிலிக்காவை அளப்பதற்கான தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் வைக்கக் கூடாது. கண்ணாடியே சிலிக்காதான். தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தனக்குள் எடுத்துக்கொள்ளும். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தெரியவந்தபோது, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்கு வருடம் போயிருந்தது. என் பெயர் போட்ட கட்டுரை அச்சாகியிருந்தது. அதைக் காட்டி என் கைடு இரண்டு கருத்தரங்குகளில் பேசிப் பொன்னாடை வாங்கியிருந்தார்.

அப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்ற சொல்லை அதைவிட மலிவாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. வீடு ஸ்ரீரங்கத்தில். கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தார். பிள்ளை இல்லை. டாக்டர் பட்டம் இருந்தால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், அதற்காகத்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு டயாட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வேலைக்காக மட்டும் செய்திருந்தால் பின்னால் நடந்தது இவ்வளவு வலித்திருக்காது.

டயாட்டம் தண்ணீரில் மிதந்து வாழும் ஒரு பாசி. ஒரே ஒரு செல். வெறும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சித் தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஒரு டப்பா கட்டிக்கொள்ளும். கீழே ஒரு பாதி, மேலே மூடிபோல் இன்னொரு பாதி. அமிலத்தில் கொதிக்கவைத்தால் உயிர்ப்பொருள் போய் வெறும் ஓடு நிற்கும். மைக்ராஸ்கோப்பின் கீழ் அந்த ஓட்டில் சல்லடைக் கண்கள்போல் வரிசை வரிசையாகத் துளைகள் தெரியும். முதல் நாள் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

மழை மலைப் பாறையைக் கரைக்கிறது. ஆறு அந்தச் சிலிக்காவைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. கடலில் டயாட்டம் அதை எடுத்து வளர்கிறது, செத்து மூழ்குகிறது. மூழ்கும் வழியிலேயே ஓட்டின் பெரும்பகுதி மறுபடி கரைந்து, அடித்தண்ணீர் மேலே வரும்போது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. கொஞ்சம் மட்டும் தரையில் படிந்து, திரும்பி வராமல் போய்விடுகிறது. அந்த இழப்பைப் பெரும்பாலும் ஆறுகள்தான் ஈடுகட்டுகின்றன. ஆற்றை அணையில் நிறுத்தினால் டயாட்டம் அணைக்குள்ளேயே வளர்ந்து அங்கேயே படிந்துவிடும். கடலுக்குப் பங்கு குறையும். அப்போது சிலிக்கா தேவைப்படாத வேறு பாசிகள் இடத்தைப் பிடிக்கும். டயாட்டத்தை நம்பியிருக்கும் மீனும் குறையும். காவிரித் தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலில் சேரும் இடத்தில் இது நடக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

என்னோடு இன்னொருத்தியும் அதே கைடிடம் பதிவு செய்திருந்தாள். மன்னார்புரத்துக்காரி, என்னைப் போலவே கௌரவ விரிவுரையாளர். நான் தண்ணீரில் சிலிக்கா எவ்வளவு என்று அளக்க வேண்டும். அதே தண்ணீரில் என்னென்ன டயாட்டம் எத்தனை என்று அவள் எண்ண வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு இரண்டு தீசிஸ். மாதம் ஒருமுறை முக்கொம்பிலும் அம்மா மண்டபத்துப் படித்துறையிலும் கல்லணையிலும் தண்ணீர் எடுப்போம். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சீர்காழி போய், அங்கிருந்து பழையாறு போய், ஒரு ஃபைபர் படகில் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போவோம். அவளுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. வாந்தி எடுத்துக்கொண்டே லேபிள் ஒட்டுவாள். வரும் வழியில் இருவரும் ஒரே டிபன் பாக்ஸிலிருந்து புளிசாதம் சாப்பிடுவோம். அவளைவிட நெருக்கமாக எனக்கு யாரும் இருந்ததில்லை.

படகுக்காரர் ஒருமுறை கேட்டார்.

“இந்தத் தண்ணிய எடுத்துக்கிட்டுப் போயி என்னம்மா பண்ணுவீங்க?”

“மீனுக்குச் சாப்பாடு இருக்கான்னு பாக்கறோம்ங்க.”

“அத எங்களக் கேட்டா சொல்ல மாட்டோமா? ஆத்துத் தண்ணி வரலன்னா மத்தி மீனு வராது. இதுக்கு பாட்டில் எதுக்கு?”

நாங்கள் சிரித்தோம்.

புட்டிகளை வாங்கித் தந்தவர் கைடு. மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதிச் சந்து ஒன்றில், மருந்துப் புட்டி மொத்தமாக விற்கும் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தார். “பிளாஸ்டிக்லாம் வேணாம்மா. பிளாஸ்டிக்ல என்ன கலக்கும்னு யாருக்குத் தெரியும்? கண்ணாடிதான் சுத்தம்” என்றார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. ஊறுகாயைக்கூடக் கண்ணாடி ஜாடியில்தானே வைக்கிறோம். அவர் கெட்டவர் இல்லை. தெரியாமல் செய்த தவறு அது. தெரிந்த பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு வருட அளவுகளை வரைந்து பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. சித்திரை, வைகாசியில் கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடக்கும். ஒரு சொட்டு ஆற்றுநீரும் கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் முகத்துவாரத்தில் சிலிக்கா குறைந்திருக்க வேண்டும். எங்கள் அளவோ ஏறியிருந்தது. இரண்டு வருடமும் அப்படியே. கைடு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “நிலத்தடி நீர்! கடலுக்கு அடியில ஊத்து மாதிரி வருது. ஆறு வராட்டியும் கடலுக்குச் சிலிக்கா கெடைக்குது. இது யாரும் சொல்லாத விஷயம்மா!” கட்டுரையை அவரே எழுதினார். அவர் பெயர், அடுத்து என் பெயர், மூன்றாவதாகத் தோழியின் பெயர். அச்சில் வந்த அன்று நான் தெப்பக்குளத்தருகே அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் லேபைச் சுத்தம் செய்தேன். அலமாரியின் பின்வரிசையில் ஒரு புட்டி கிடந்தது. என் கையெழுத்தில் ‘காய்ச்சி வடித்த நீர்’ என்று லேபிள். முதல் வருடப் பயணம் ஒன்றில் கழுவுவதற்காக எடுத்துப்போன மிச்சம். அன்று லேபில் தண்ணீர் வடிக்கும் கருவி பழுதாகியிருந்தது. அந்தக் கோடையில் எடுத்து வைத்த தண்ணீரை அளக்க, ஒப்பிடுவதற்கு எதுவும் கலக்காத தண்ணீர் ஒன்று வேண்டும். சரி, இதுவே போதும் என்று அதில் கொஞ்சம் எடுத்து மருந்துகளைச் சேர்த்தேன். சிலிக்கா இருந்தால் நீலம் வரும். எவ்வளவு சிலிக்காவோ அவ்வளவு நீலம். அந்தத் தண்ணீரில் நீலமே வரக் கூடாது.

பேனா மை போல வந்தது.

குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செய்தேன். அதே நீலம். மூன்றாவது முறை செய்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மழைக்காலத்தில் எடுத்த தண்ணீரை அந்த வாரமே அளந்தோம். கோடையில் எடுத்தது அப்படியல்ல. விடுமுறையில் லேபைப் பூட்டிவிடுவார்கள். தகரக் கூரை போட்ட அறை. திருச்சி வெயிலில் இரண்டு மாதம் அந்தத் தண்ணீர் கண்ணாடியைத் தின்றுகொண்டு காத்திருந்தது. கடலுக்கு அடியில் ஊற்று எதுவும் இல்லை. புட்டிக்குள் இருந்தது ஊற்று.

யாரிடமும் சொல்லாமல் கருவியைப் பழுது பார்க்கச் செய்து, புதிதாக வடித்த தண்ணீரை மூன்று புட்டிகளில் நிரப்பி, வாரம் ஒருமுறை அளந்தேன். ஒவ்வொரு வாரமும் நீலம் கூடியது. எல்லாவற்றையும் லேப் நோட்டில் எழுதி, அதை எடுத்துக்கொண்டு கைடின் அறைக்குப் போனேன்.

அவர் கடைசிப் பக்கம்வரை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இத யாரு யாரு பாத்தாங்க?”

“நான் மட்டும்தான் சார்.”

“அப்புறம் என்னம்மா பிரச்சன?”

“சார், கோடை அளவு எல்லாமே தப்பு. பேப்பரே தப்பு சார். நாமளே எழுதி வாபஸ் வாங்கிடலாம். பிளாஸ்டிக் பாட்டில் வெச்சு நான் திரும்ப ரெண்டு வருஷம் எடுக்கறேன்.”

“புதுசா எடுத்தா பழசு என்னாச்சுன்னு கேப்பாங்கல்ல? ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போயாச்சு. எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு.” கோபமே இல்லாமல் சொன்னார். “நீ சின்னப் பொண்ணு இல்ல. உனக்கு மட்டும் தீசிஸ் இல்ல, அவளுக்கும் இருக்கு. யோசிச்சுக்க.”

அதற்குள் தோழியிடம் அவர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவளே ஊகித்திருக்க வேண்டும். நான் மாதக்கணக்கில் தீசிஸ் எழுதாமல் இழுத்தடித்தேன். மார்கழியில், சொர்க்கவாசல் திறந்த அன்று காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஸ்ரீரங்கம் முழுக்கக் கூட்டம். பஸ்ஸையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். கோயிலுக்கு வரும் ஜனத்தோடு ஜனமாகக் காவிரிப் பாலத்தை நடந்தே தாண்டி வந்திருந்தாள். அவளுக்கு இந்தத் திருவிழாவோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவள். வியர்த்துப்போய் வாசலில் நின்றாள்.

“தண்ணி குடுடி” என்றாள். குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“நீ வாயத் தொறந்தா என் தீசிஸும் போச்சு, தெரியும்ல?”

“உன் எண்ணிக்கை எல்லாம் சரிதான்டி. சிலிக்கா அளவு மட்டும்தான்…”

“சிலிக்கா இல்லாம என் எண்ணிக்கைய வெச்சு என்ன பண்றது? நாக்கு வழிக்கறதா?” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எங்க வீட்டுக்காரரு விட்டுட்டுப் போயி மூணு மாசம் ஆச்சு. இனிமே வர மாட்டாரு. ரெண்டு புள்ளைங்க. பெர்மனெண்ட் ஆகலன்னா நான் எங்க போவேன்? உனக்கு வீட்டுக்காரரு இருக்காரு. நீ நேர்மையா இருக்கலாம்.”

அந்தக் கடைசி வாக்கியம் இன்றுவரை என்னை அரிக்கிறது. அது அநியாயமான பேச்சு. அதில் ஒரு நியாயமும் இருந்தது.

“நான் சப்மிட் பண்ணல. நீ பண்ணிக்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை உருவிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று நான் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாகத்தான் நம்பினேன். யோசித்துப் பார்த்தால், நான் பொய்யில் கையெழுத்துப் போடவில்லை, உண்மையிலும் போடவில்லை. என் கையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டேன். கட்டுரை அச்சிலேயே இருந்தது, என் பெயரோடு. நோட்டுப் புத்தகத்தையாவது எடுத்து வந்திருக்க வேண்டும். வேலையை விட்ட வேகத்தில் லேப் அலமாரியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என் பதிவு காலாவதியானது. தோழி டாக்டரானாள், நிரந்தரமானாள், பல வருடம் கழித்துத் துறைத் தலைவரும் ஆனாள். கைடு ஓய்வு பெற்று, ஒருநாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நான் மன்னார்புரத்தில் ஒரு நீட் கோச்சிங் சென்டரில் தாவரவியல் எடுக்கிறேன். அங்கே டயாட்டத்துக்கு நாலு வரிதான். பாடப்புத்தகம் அதன் சுவர் அழியாதது என்கிறது. கரையும் என்று எனக்குத் தெரியும். கரையாவிட்டால் கடலில் அடுத்த டயாட்டமே பிறக்காது. ஒரு பெண் ஒருமுறை எழுந்து, “மேடம், நிஜமாவே அழியாதா?” என்று கேட்டாள். “ஆப்ஷன்ல அழியாதுன்னு இருந்தா அதையே போடுங்க. மார்க் முக்கியம்” என்றேன். சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் சென்டர் ரிசப்ஷனில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் துணிப்பை. பழையாறு பக்கத்து அரசுப் பள்ளியில் ஆசிரியர் என்றும், பகுதி நேரமாக வேறு ஊர்க் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்டம் செய்வதாகவும் சொன்னார். சென்டர் போஸ்டரில் என் பெயரையும் படத்தையும் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்.

“அந்தப் பேப்பர் எழுதின மேடம் நீங்கதானுங்களா?”

நான்தான் என்று சொல்லி எதிரே உட்கார்ந்தேன்.

அவர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். அதே முகத்துவாரம். அதே மாதங்கள். அவருடைய கோடைச் சிலிக்கா தரையோடு தரையாகக் கிடந்தது.

“எங்க கைடு ஒத்துக்க மாட்டேங்கறாருங்க. ஆத்துத் தண்ணி வராட்டியும் கோடையில சிலிக்கா கொறையாதுன்னு நிரூபிச்சாச்சு, உன் அளவுதான் தப்புங்கறாரு. நான் மூணு வருஷம் எடுத்துட்டேன் மேடம். மூணு வருஷமும் இப்படித்தான் வருது.” கொஞ்சம் தயங்கிவிட்டு, கூச்சத்தோடு ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். “கண்ணாடி வாங்க வசதிப்படலங்க. பிளாஸ்டிக் டப்பாவுலதான் எடுத்தேன். அதனாலதான் தப்பா வருதோன்னு உங்களக் கேக்க வந்தேன்.”

 அந்த மனிதர் தன் ஏழ்மைதான் பிழை என்று நம்பி நூறு மைல் பஸ்ஸில் வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். புட்டிகள், தகரக் கூரை, பழைய தண்ணீரில் வந்த நீலம். தோழியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப என் அளவு சரிங்களா?”

“சரிதான் சார். உங்களோடதுதான் சரி.”

“இத எழுத்துல குடுப்பீங்களா மேடம்?”

குடுப்பேன் என்றேன். இரண்டு நாளில் எழுதினேன். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று கட்டுரை வந்த இதழுக்கு. இதழிலிருந்து பதில் வந்தது, மரியாதையாகத்தான். மூல நோட்டுப் புத்தகத்தின் நகலை அனுப்புங்கள், உயிரோடிருக்கும் இன்னொரு கட்டுரையாசிரியரின் ஒப்புதலையும் பெற்று அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தோழிக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டாள்; அது நடிப்பில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“அந்த நோட்டெல்லாம் எப்பவோ போச்சு. லேப இடிச்சுக் கட்டினப்ப பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாங்க.”

“நீயா போட்டே?”

“அப்ப நான் ஹெட்டு. கையெழுத்து என்னோடதுதான்.” பிறகு குரல் மாறியது. “இவ்ளோ வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்குடி? அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேற ஏதாச்சும் வேலைக்குப் போயிருப்பேன். எங்கயாச்சும் ஸ்கூல்ல சேந்திருப்பேன். அன்னிக்கு விட்டுக் குடுத்துட்டு, நான் இங்க வந்து உக்காந்தப்புறம் இழுக்கறியே.”

“ஒப்புதல் மட்டும் குடு. உன் தீசிஸப் பத்தி நான் பேசல.”

“பேப்பர் போனா தீசிஸும் போகும். உனக்குத் தெரியாதா?”

தெரியும். அவள் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். “விட்டுடு. உனக்கு இப்ப அதுல என்ன இருக்கு?” என்றார்.  ஆதாரம் இல்லாமல் நான் எழுதியதை அந்த இதழ் கோப்பில் வைத்திருக்கும். கட்டுரை இன்றும் இணையத்தில் இருக்கிறது. என் பெயரைத் தேடினால் முதலில் வருவது அதுதான்.

ஒன்றரை வருடம் கழித்துப் பள்ளி ஆசிரியர் போன் செய்தார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டதாம். வாழ்த்துச் சொன்னேன்.

“சம்மர் மாசத்த தீசிஸ்லேருந்து எடுத்துட்டேங்க மேடம்” என்றார் மெதுவாக. “மழைக்கால அளவ மட்டும் வெச்சு எழுதச் சொன்னாரு கைடு. உங்க லெட்டரச் சேர்க்க விடல. பப்ளிக் வைவால பிரச்சன ஆயிடும்னாரு.”

“பரவாயில்ல சார்.”

“கோவமா மேடம்?”

“உங்க மேல எனக்கு என்ன கோவம்?”

அவர் போனை வைக்கவில்லை. பின்னால் படகு மோட்டார் சத்தம் கேட்டது.

“எங்கப்பா இன்னும் கடலுக்குப் போறாருங்க. ஆத்துல தண்ணி வராத வருஷம் மத்தி எப்படிக் கொறையுதுன்னு அவரு வருஷம் வருஷமாச் சொல்லுவாரு. நான் அளந்து பாத்தேன், சரியா இருந்துச்சு. இப்ப அத எழுத எனக்கு ஒரு எடம் இல்ல.”

 கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மையில் அன்று எனக்கு வகுப்பு இல்லை. அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.